சார்ஜனுக்குப் பிறகு வந்தவன்

நாய்க்குட்டி நக்கியது றம்லாவின் இடது மணிக்கட்டில். தோணி அப்போது கிட்டங்கி ஆற்றின் நடுவில் இருந்தது. ஒதுங்கவும் இடமில்லை, ஓடவும் இடமில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள்... அந்தப் பார்வையில் மழை ஒரு கணம் நின்றது. வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அதைச் சொன்ன தோணிக்காரர் பொய் சொல்கிறவர் அல்ல.

பன்புல்லில் பின்னிய பையை மடியில் வைத்திருந்த இளைஞனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முக்காட்டின் விளிம்பில் சொட்டிய மழையையா... அதற்குள் எரிந்துகொண்டிருந்த இரண்டு கண்களையா... குட்டியின் தலையைப் பைக்குள் அமுக்கினான். அது மறுபக்கத்தால் தலையை நீட்டி, விட்ட இடத்திலிருந்து நக்கியது.

“பைய மூடத் தெரியாதா உங்களுக்கு?”

“மூடினா அதுக்கு மூச்சு முட்டுமே...”

“எனக்கு இப்ப முட்டுது.”

பக்கத்தில் இருந்த உம்மு மாமி, றம்லாவின் வாப்பாவுடைய தங்கை, அங்கேயே தீர்ப்புச் சொன்னாள். நாய் நக்கினால், மார்க்கப்படி, கையை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீர். மழையில் நனைவது கணக்கில் சேராது.

சவளக்கடைக் கரையில் ஒரு கிணறு இருந்தது. குற்றவாளி குட்டியைப் பையோடு மாமியின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானே வாளியை எடுத்தான். பெயர் நூஹு என்றான். மருதமுனை. போன வருடத்துச் சூறாவளி அவர்கள் வீட்டுத் தறிக் கொட்டிலைக் கூரையோடு கொண்டுபோய்விட்டது. அதனால் நெசவை விட்டு, இங்கே இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். பன்றிக் காவலுக்குக் காரைதீவில் ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து இந்தக் குட்டியை வாங்கி வருகிறான். எந்த இரண்டு ஏக்கர் என்று மாமி கேட்டாள். ஆதம்பாவாப் போடியாரின் வயலுக்கு அடுத்தது என்றான். றம்லா கழுவக் கையை நீட்டினாள். ஆதம்பாவாதான் அவளுடைய வாப்பா.

மாமி மரத்தடியில் இருந்து எண்ணினாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்காவது வாளியில் நூஹு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“கோவத்தில குட்டிய மொறைக்கிறீங்களா... இல்லாட்டி வேற என்னமுமா?”

றம்லா குட்டியிடமிருந்து கண்ணை எடுத்தாள். மாமி சொல்லத் தொடங்கினாள்.

அவர்களுடைய வயலில் ஒரு நாய் நின்றது. பெயர் சார்ஜன். வீட்டுப் படி ஏறாது. வயல்தான் அதற்கு வீடு. ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் அது பிள்ளை. அது ஒரு தரம் குரைத்தால் பன்றிகள் மகாஓயா வரைக்கும் ஓடி, திரும்பி வர வழி தெரியாமல் அங்கேயே குடும்பம் நடத்தின. ஒருநாள் கொம்பன் யானை ஒன்று வயலுக்கு வந்தது. சார்ஜன் படுத்திருப்பதைக் கண்டு, வரம்பை மிதிக்காமல் ஓரமாக நடந்து போனது. அதன் கால்தடம் நெடுநாள் இருந்தது. பார்க்க வந்தவர்கள் மிதித்துத்தான் அழிந்தது.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனையில் விட்டேன் என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் தடவை றம்லாவே பேசினாள். மாமிக்குக் கேட்காத மெல்லிய குரல். சார்ஜன் சூறாவளியில் மவுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வாப்பா தன் வயலுக்கு இன்னொரு நாய் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. இப்போது அவரே காவல் பரணில் இரவெல்லாம் முழித்திருந்து கத்திப் பன்றி கலைக்கிறார்... மூச்சு இழுக்கிற முட்டு வருத்தக்காரர். இன்னொரு போகம் இப்படிப் பனியில் கிடந்தால் ஆளைப் பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நான் மூணு ஊர்ல குட்டி தேடிட்டன்,” என்றாள். “கொண்டுபோய் முன்னுக்கு விட்டா மனசு மாறும் எண்டுதான்...”

நூஹு வாளியைப் பிடித்தபடியே நின்றான். இவளுடைய கண்ணில் நிற்பது மழையா, வேறா... கணக்கு மறுபடியும் தப்பியது. இந்த முறை தப்பவிட்டது மாமி அல்ல.

மூன்றாம் நாள் பகல் நூஹு குட்டியோடு, ஆதம்பாவா வயலில் தங்குகிற வாடிக்கு வந்தான். உங்களுக்கே கொண்டுவந்தேன் என்று ஸலாத்தோடு சொன்னான். ஆதம்பாவா குட்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

“என்ட வயலுக்கு நாய் வேணாம் தம்பி. கொண்டு போங்க.”

நூஹு கொண்டு போகவில்லை. வாடிக்கு வெளியே கம்பில் கட்டிவிட்டுப் போய்விட்டான். நெசவுக்காரன் கை, அறுந்த நூலுக்குப் போடுகிற முடிச்சையே கயிற்றுக்கும் போட்டான். அந்த முடிச்சு சேலை கிழிந்தாலும் அவிழாது.

மழை பிடித்துக்கொண்டது. றம்லாவும் மாமியும் சோறு கொண்டு வந்தபோது வரம்பை மேவி வாடி முற்றத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. குட்டி கழுத்தளவில் நின்று முனகியது. ஆதம்பாவா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே இருந்தார். றம்லா வெளியே இறங்கப் போனாள்... அதற்குள் வாப்பா அவளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்துவிட்டார். முடிச்சை இழுத்தார். பல்லால் கடித்தார். அவிழவில்லை. கதிர் அறுக்கிற தாக்கத்தியால் கயிற்றை அறுத்துக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, குட்டிக்கு என்ன ஆயிற்றோ என்று நூஹு நனைந்துகொண்டு ஓடிவந்தான்.

“இப்பிடியாடா முடிச்சுப் போடுற? தண்ணி வந்தா இது எங்க போகும்? வாயில்லாத சீவன் ஆரைக் கூப்பிடும்?”

கேள்வி நூஹுவுக்கு அல்ல என்பது அவனுக்கே விளங்கியது. தலையைக் குனிந்து நின்றான். ஆதம்பாவாவின் குரல் உடைந்தது.

“சூறாவளி அடிச்ச அண்டைக்கு ஊர்ல கலியாணம், மகள்... சார்ஜன் பின்னால வந்திரும் எண்டு கட்டிப்போட்டுப் போனன். விடியப் பார்த்தா வாடி இல்ல. கம்பும் கயிறும்தான் நிண்டிச்சு... அவுத்து உட்டிருந்தா நீந்திப் போயிருப்பான்.”

பதின்மூன்று மாதம் அவர் யாருக்கும் சொல்லாத கதை. றம்லா வாப்பாவின் நனைந்த முதுகில் கையை வைத்தாள். குட்டி அவருடைய தாடியை நக்கியது. நெடுநேரம் அவர் அதை விலக்கவில்லை.

“இது இங்க நிக்கட்டும்,” என்றார் கடைசியில். “கயிறு மட்டும் வேணாம்.”

அன்றிலிருந்து குட்டிக்குச் சங்கையான உபசாரம் நடந்தது. சார்ஜனின் பழைய சட்டியை அவர் எடுக்கவிடவில்லை. கல்முனைச் சந்தையில் புதுச் சட்டி வாங்கி வந்தார். வெள்ளம் எட்டாத உயரத்தில் ஒரு தட்டுக் கட்டி வைக்கோல் பரப்பினார். குட்டியின் குரல் மிகவும் கீச்சு. அந்தக் கீச்சு பன்றிகளுக்குப் பல்லில் கூச்சத்தை உண்டாக்கியதாகச் சவளக்கடையில் கதைத்துக்கொண்டார்கள். எப்படியோ, ஆதம்பாவாவின் வயலில் ஒரு கதிர் முறியவில்லை. குத்தகைக்காரன் நூஹு அந்தியில் வந்து, இங்கே நான் ஒரு கண் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் வீட்டில் போய்ப் படுங்கள் என்று அவரை அனுப்பிவைத்தான். அவர் படுத்தார். முட்டும் குறைந்தது.

இவன் ஏன் இவ்வளவு மெலிந்துபோனான்... என்று றம்லா மாத்திரம் யோசித்தாள். வரம்பில் எதிரே வந்தால் வழிவிட்டுச் சேற்றில் இறங்கி நிற்பான். ஒரு சிரிப்பு. ஒரு சொல் கிடையாது. வாயில் முத்தா வைத்திருக்கிறான்?

மாசியில் அறுவடை. வேலைக்காரருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன றம்லா, எல்லை வரம்பில் ஏறி அடுத்த வயலைப் பார்த்தாள். கேத்தல் கையிலேயே நின்றுவிட்டது. இரண்டு ஏக்கரும் உழுதுபோட்ட மாதிரிக் கிடந்தன. இங்கே வர முடியாத பன்றிகள் அத்தனையும் அங்கே போயிருக்கின்றன. நூஹு, பன்றி கலைக்க இரவெல்லாம் தட்டி ஓட்டையான தகரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“ஏன் ஒரு சொல் சொல்லல்ல?” அவள் கோபத்தில் வரம்பின் விளிம்புக்கே வந்துவிட்டாள். “குட்டியைத் திருப்பிக் கேட்டிருக்கலாமே...”

“உங்கட வாப்பா நல்லா நித்திரை கொள்றார் எண்டு கேள்விப்பட்டன்.”

“அதுக்கு?”

“அப்ப நீங்களும் நித்திரை கொள்ளுவீங்கதானே.”

றம்லா பார்வையைக் கீழே இறக்கினாள். எவ்வளவு முயன்றும் அது அவனுடைய முகத்துக்கே ஏறியது. இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

“மருதமுனைக்குப் போறன். கடன்பட்டெண்டாலும் ஒரு தறி போடணும்.” கையிலிருந்த கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “குட்டிய உங்கட வாப்பாக்குக் குடுத்தன். வெள்ளாமையப் பண்டிக்குக் குடுத்தன். இனி நான் மட்டும்தான் மிச்சம்... அத உங்களுக்குத் தரத்தான் இவ்வளவு நாளும் வாய் வரல்ல. வேணாமெண்டா சொல்லிப்போடுங்க, பின்னேர பஸ்ஸில போயிடுவன்.”

காற்று அடித்தது... அறுத்த நெல்லின் வாசம். முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கண்களை மறைக்க மறந்துவிட்டாள்.

“எங்கட ஊர்ல பொண்ணூட்டாக்கள்தான் போய் மாப்பிள்ள கேக்கிற,” என்றாள். “வாப்பாட்ட நானே கதைக்கிறன்.”

வேகமாகத் திரும்பி வரம்பில் நடந்தாள். பத்து அடி போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“அதுவரைக்கும்... மிச்சத்த வேற ஆருக்கும் குடுத்திராதீங்க.”