சிவப்புப் புள்ளி வைத்த பேய்

பூட்டிய வீட்டுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஹூ... ஹூ..."

பிறகு சுவரில் ஒரு சத்தம். டொக்!

தையல் கடை மாமா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு தெருவுக்கு ஓடி வந்தார். அவர் கடைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

"ரெண்டு வாரமா சரசரன்னு சத்தம் வந்துச்சு. எலின்னு விட்டேன். நேத்துல இருந்து மூச்சு விடுது! எந்த எலி இப்படி மூச்சு விடும்? கொத்தனாரே, அந்தப் பின்பக்க ஜன்னலை அடைச்சிடுங்க. வீட்டுக்காரர்கிட்ட போன்ல கேட்டுட்டேன்."

கொத்தனாருக்குப் பேய் பயம் கிடையாது. "பேய் இருந்தா நல்லதுதான், செங்கல் தூக்க ஆள் கிடைக்கும்" என்று சிரித்தார்.

அவருடைய மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதிமூன்று வயது, வளர்த்தி அதிகம், சதை குறைவு. எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்டையிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவள் கறி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

பள்ளிக்குப் போகும் வழியில், கோழிக்கடைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் உண்டு. ஒருநாள் அதில் இறகும் குடலும் அடைத்துக்கொண்டு தண்ணீர் நகராமல் நின்றது. செத்த மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. கூண்டுக்குள் இருந்த ஒரு கோழி அவளையே பார்த்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தொண்டையில் கறி இறங்கவில்லை.

வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வரும் அப்பா, குழம்பில் இருக்கும் பெரிய துண்டைத் தேடி எடுத்து அவள் தட்டில் வைப்பார். "எலும்பும் தோலுமா இருக்கே, தின்னு" என்பார். அதை எப்படி வேண்டாம் என்பது?

அதனால் அந்தத் துண்டைப் பிளாஸ்டிக் பைக்குள் ஒளித்து, பூட்டிய வீட்டின் உடைந்த பின்பக்க ஜன்னலுக்குள் எறிந்துவிடுவாள். நேற்று பை கிடைக்கவில்லை. காயவைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா கைக்கு வந்தது. மூடியைத் தேட நேரமில்லை. அப்படியே எறிந்தாள்.

காலையில் அம்மா அடுப்படியைப் புரட்டிப் போட்டார்.

"என் உப்பு டப்பா எங்க? நெயில் பாலிஷ்ல சிவப்புப் புள்ளி வெச்சேனே! சர்க்கரைன்னு நெனச்சு உங்கப்பா டீயில உப்பைப் போட்டாரே, அப்ப வெச்ச புள்ளி!"

நெட்டை பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நழுவினாள்.

சாயங்காலம் வானம் இருண்டு கிடந்தது. அப்பா ஜன்னலை அடைக்க, நெட்டை செங்கல் எடுத்துக் கொடுத்தாள். தையல் கடை மாமா பத்தடி தள்ளி நின்று தைரியம் சொன்னார். சுவர் ஏறி ஏறி, மேலே ஒரு சந்து மட்டும் மிச்சம் இருந்தது.

"ஹூ... ஹூ..."

அப்பாவின் கொத்துக்கரண்டி அந்தரத்தில் நின்றது.

இருட்டுக்குள் ஒரு தலை வந்தது. வெள்ளையான உருண்டைத் தலை. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. கழுத்துக்குக் கீழே உடம்பே இல்லை. தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மிதந்தபடி அது இப்படியும் அப்படியும் ஆடியது. சுவரில் போய் முட்டியது. டொக்!

மாமாவைக் காணோம். அவருடைய அளவு நாடா மட்டும் தரையில் கிடந்தது.

"செங்கல் எடு! சீக்கிரம் கண்ணு!" பேய் பயம் இல்லாத அப்பாவின் குரல் நடுங்கியது.

நெட்டை ஒரு செங்கல்லை எடுத்து நீட்டினாள். அந்தத் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அதன் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி.

பேய்க்குப் பயந்ததைவிட நெட்டை இப்போது அதிகமாகப் பயந்தாள்.

"அடைக்காதீங்கப்பா! அது நம்ம உப்பு டப்பா!"

"என்னது?"

"ஏதோ ஒரு உயிர் அதுக்குள்ள தலைய மாட்டிக்கிச்சு. நான்தான்ப்பா எறிஞ்சேன், கறியோட. நான் கறி சாப்பிடறதை விட்டுட்டேன். ரெண்டு வாரமா நீங்க வெச்ச துண்டெல்லாம் அங்கதான் போச்சு."

அப்பா கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார். உள்ளே மறுபடி சத்தம் கேட்டது. இந்த முறை மெதுவாக, சோர்ந்து போய்.

அப்பா ஈரம் காயாத இரண்டு வரிசைச் செங்கல்லைக் கையாலேயே உருவிப் போட்டார். அப்படியும் அவர் தோள் நுழையவில்லை.

"நான் போறேன்ப்பா."

எலும்பும் தோலுமாக இருந்ததில் முதல் முறையாக ஒரு லாபம்!

உள்ளே குளிராக இருந்தது. ஏதோ அழுகிய வாடை வந்தது. கால் வைத்த இடமெல்லாம் சரசரத்தது. குனிந்து பார்த்தால் பிளாஸ்டிக் பைகள். எல்லாம் அவள் எறிந்தவை. வாய்க்காலை அடைத்தவர்கள் மேல் எவ்வளவு கோபப்பட்டாள்! இங்கே அவளும் அதையேதான் செய்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

வெள்ளைத் தலை அவளை நோக்கி வந்தது.

"பயப்படாதே" என்று தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு கையை நீட்டினாள்.

வெதுவெதுப்பான ரோமம் கையில் பட்டது. கழுத்து, முதுகு, வால்! டப்பாவைப் பிடித்து மெல்லத் திருகினாள். கூரான நகங்கள் அவள் மணிக்கட்டைக் கீறின. அவள் விடவில்லை.

ப்ளக்!

கரி நிறத்தில் ஒரு பூனை அவளை முறைத்தது. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் மூலைக்கு ஓடியது.

வெளியே வந்ததும் அப்பா டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"விரிசல் விட்டிருக்கு. அது வழியா காத்து போயிருக்கு. அதான் பொழைச்சுது."

நெட்டைக்கு அழுகை முட்டியது. "திட்டுங்கப்பா."

"டப்பாவுக்கு உங்கம்மா திட்டுவா. அது போதும்." டப்பாவை அவளிடம் நீட்டி, "ஏன் சொல்லலை? சொன்னா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்?" என்றார்.

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

பைகளையெல்லாம் நெட்டை சாக்கில் அள்ளிய பிறகுதான் அப்பா சுவரை முடித்தார். ஓரத்தில் ஒரே ஒரு செங்கல்லை மட்டும் வைக்காமல் விட்டார்.

"மாமாகிட்ட சொல்லிடாதே. பேய் வந்துபோக வழி விட்டேன்னு கடையையே காலி பண்ணிடுவாரு."

ராத்திரி சாப்பாட்டுக்கு அம்மா தனியாக ஒரு சின்னச் சட்டியில் உருளைக்கிழங்கு வைத்திருந்தார். டப்பாவுக்கான திட்டு அதற்குள் முடிந்திருந்தது.

அப்பா பழக்கத்தில் கறிக்குழம்பைத் துழாவிப் பெரிய துண்டை எடுத்தார். அது நெட்டையின் தட்டுவரை வந்து, அப்படியே நின்றது.

துண்டு திரும்பிப் போனது. அப்பா வேறு கரண்டியை எடுத்து, சின்னச் சட்டியை அடிவரை துழாவினார்.

"இந்தா" என்று அவள் தட்டில் ஒரு உருளைக்கிழங்கை வைத்தார். "இருக்கறதிலேயே பெருசு."