கிடா விதைத்த முள்

கடலூருக்குத் தெற்கே ஓர் ஊரில் அய்யனாருக்கென்று ஒரு காடு இருந்தது. அங்கே யாரும் ஒரு குச்சியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் சீமைக்கருவேலமும் உள்ளே புகுந்து சொகுசாக வளர்ந்தது.

பத்து வயது சிந்துஜாவுக்கு அங்கிருந்த காசா மரத்தை மிகவும் பிடிக்கும். பூத்தால் கிளையெல்லாம் நீலமாகிவிடும். இந்த வருஷம் அது பூக்கவில்லை. சுற்றிலும் முள் நெருக்க, மொட்டையாகப் பட்டுப்போய் நின்றது. அடியில் அதன் கன்று ஒன்றே ஒன்று மிச்சம். அதையும் முள் முளைகள் சூழ்ந்துகொண்டிருந்தன.

“பூசாரி மாமா, முள்ள வெட்டிடலாமா?”

“காட்டுக்குள்ளார கத்தி வெச்சா சாமி சும்மா வுடாது பாப்பா,” என்றார் பூசாரி ராஜமாணிக்கம்.

“கன்னும் செத்துடும் மாமா.”

“நான் இன்னா பண்றது?”

சிந்துஜா கன்றின் பக்கத்தில் போய்க் குந்தினாள். அவள் வீட்டில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா அங்கே சீமைக்கருவேலங்காயை மென்றுகொண்டிருந்தது. அதன் பழைய புழுக்கைகளை உற்றுப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை முளை.

வெளியிலிருந்து காய் பொறுக்கி வந்து, தினமும் அதற்கு ஊட்டியது அவள்தான்.

“நீயும் நானுமாடா வெதச்சோம்?” என்று கேட்டாள். கிடா மென்றுகொண்டே இருந்தது.

மறுபடியும் பூசாரியிடம் ஓடினாள். “சாமி முளைக்க வெச்சதத்தான மாமா தொடக்கூடாது? கன்னச் சுத்தி முளைச்சது எங்க கிடா புழுக்கையில போட்டது. எங்க வீட்டுது.”

பூசாரி தலையைச் சொறிந்தார். “கத்தி?”

“கையாலதான்.”

“வாயாடி. சரி, கிடா போட்டத மட்டும் எடுத்துக்க.”

“பெரிய மரமெல்லாம்?”

“அது யாரு போட்டதுன்னு யாரு கண்டா? அதுல கை வெக்காத.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிந்துஜா கன்றைச் சுற்றி முளைகளை வேரோடு பிடுங்கினாள். நிமிர்ந்தால் காடு முழுக்க முள்தான் தெரிந்தது. அதனால் அவள் நிமிரவில்லை.

பின்னால் வந்து நின்ற பூசாரி மெல்லச் சொன்னார், “நாளைக்கும் மொளைக்கும் பாப்பா.”

“தெரியும் மாமா.”

விரலில் ஏறிய முள்ளைப் பல்லால் இழுத்துத் துப்பிவிட்டு, அடுத்த முளையைப் பிடித்தாள்.