துரையின் வயிற்றில் இருந்த தாதூட்டி

இனம் பெருக்க வளர்த்த துரை என்கிற பொலிப்பன்றியின் காதில் மாட்டிய விளக்கு பச்சையாகவே எரிந்தது. வயிற்றுக்குள் தாதூட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். பண்ணைக்காரன் லோகநாதன்தான் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். துரையின் மகன்களில் ஒன்றின் விந்தில்கூட உயிரணு இல்லை. காரணம் தேடி ரத்தம் எடுத்துப் போன கால்நடை மருத்துவர் ரெஜினா, இன்று பதிலோடு வந்திருந்தார்.

வெயில் கொளுத்திய வருஷங்களில் கொங்குப் பக்கத்துப் பொலிப்பன்றிகள் எல்லாம் மலடாகிப் போனபோது வந்ததுதான் இந்தத் தாதூட்டி. மிளகளவு கருவி. விழுங்கிவிட்டால் குடலில் ஒட்டிக்கொண்டு, தின்பதிலிருந்து விந்து ஊறத் தேவையான தாதுக்களான துத்தநாகத்தையும் செலினியத்தையும் பிரித்து ரத்தத்தில் சேர்க்கும். மறு வருஷமே கொட்டிலில் குட்டிகள் வைக்க இடமில்லை.

பண்ணைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுத் தீவனம் எது வந்தாலும் முதலில் தாங்கள் ஒரு வாய் போட்டுப் பார்ப்பார்கள். லோகநாதன் தாதூட்டியையும் வாயில் போட்டான். கல்யாணமாகி வெகுகாலம் குழந்தையில்லாதவன். ருசி பார்த்ததோடு நிற்காமல் விழுங்கியும் விட்டான். பன்றி மருந்து தின்று பிள்ளை பெற்றவன் என்று ஊர் சிரிக்குமே, அதனால் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. இப்போது சிந்துஜாவுக்கு நிறைமாதம்.

எல்லா வேலையையும் கருவியே பார்த்துக்கொண்டதால், துரையின் குடல் தாதுக்களை உறிஞ்சுவதையே மறந்துவிட்டது என்றார் ரெஜினா. அந்த மறதி விந்து வழியாக மகன்களுக்கும் இறங்கிவிட்டதாம். அவை தின்னும், கொழுக்கும். ஆனால் தாதூட்டி இல்லாமல் வாரிசு கிடையாது. அவற்றின் மகன்களுக்கும் அதே கதிதான்.

"இந்த வம்சத்தை இத்தோட நிறுத்திக்கலாங்க. பன்னிதானே," என்றார்.

லோகநாதனுக்குப் பயத்தை மறைக்கவும் தோன்றவில்லை.

"மனுசன் முழுங்கியிருந்தா, டாக்டர்?"

ரெஜினா அவன் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். "இதைக் கேக்குற முதல் ஆள் நீங்க இல்லைங்க. இதைச் செய்யற கம்பெனிக்கும் தெரியும். முழுங்கின கருவி ஒவ்வொண்ணும் அவங்களுக்குச் சேதி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கு. மனுசங்களுக்குன்னு தனியாச் செய்ய அனுமதியும் வாங்கிட்டாங்க."

வேறு யாராவது அதைச் செய்வார்களா என்று கேட்டான். உலகத்திலேயே அந்த ஒரு கம்பெனிதான் என்று சொல்லிவிட்டு அவர் பையை மூடினார்.

அன்று சாயங்காலமே சிந்துஜாவுக்கு வலி கண்டது. ஆண் குழந்தை. லோகநாதன் அழுவதைப் பார்த்து, சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று நர்ஸ் சிரித்தாள். அவள் வெளியே போனதும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சிந்துஜா கோபப்படவில்லை, அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு இவனுக்கு ஒரு புள்ள வேணும்னா யாரைங்க கேக்கறது?"

கம்பெனிக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும் தன் வயிற்றை லோகநாதன் தொட்டுப் பார்த்தான்.

"நம்மளை வளக்கறவங்களை," என்றான்.