கூடுதலாகப் பதினான்கு தட்டுகள்

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்ததும் மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் மணி அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசியாக அடித்தவரும் வீடு தெரியாமல் வந்தவர்தான். அக்காள் இறந்தபோது, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் மச்சான். நான்கு வருடமாகியும் கிளம்பவில்லை. எப்போது கிளம்புகிறாய் என்று, வீட்டுக்காரரான அக்காள் கணவர், அத்தானும் கேட்கவில்லை. அத்தான் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைத் தராசு என்றால்தான் ஊருக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து நாளைக்கு நூறு வார்த்தை பேசினால், அதில் தொண்ணூறு மச்சானுடையது.

கணக்கு இடித்தால் தராசு கண்டுபிடித்துவிடுவார் என்று யாரோ சொல்லி வந்தவள், ஒரு கம்பெனியில் விழா ஏற்பாடுகளைக் கவனிப்பவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னாள். போன வாரம் கம்பெனியின் ஆண்டு விருந்து. செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். அவளும் கணக்கரும் உட்கார்ந்து பூ அலங்காரம், பாட்டுக் கச்சேரி, ஓய்வு பெற்றவர்களுக்கான அழைப்பு, பரிசுப் பை என்று ஒவ்வொன்றாக அடித்தார்கள். மேசைக்குப் பத்துப் பேர், இருபது மேசை, இருநூறு தட்டு என்று முடிவானது. பில் வந்தபோது பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு. விருந்துக்கு மூன்று நாள் முன்னால், பதினான்கு தட்டு கூட்டச் சொல்லி, அவளுடைய முத்திரையோடு டைப் அடித்த தாள் ஒன்று வந்ததாகச் சமையல் கான்டிராக்டர் எடுத்துக் காட்டினார்.

"நான் அனுப்பல சார்," என்றாள். "தட்டுக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்கிட்டேன்னு மேனேஜர் நெனைக்கிறாரு. திங்கக்கிழம என்னை வேலைய விட்டுத் தூக்கப் போறாரு. எங்க வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

அன்று கூடுதலாக இரண்டு மேசை கிடந்ததையும் சில தெரியாத முகங்களையும் அவள் பார்த்திருந்தாள். மேனேஜரின் விருந்தாளிகள் என்று இவள் நினைத்தாள். இவள் அழைத்தவர்கள் என்று மேனேஜர் நினைத்தார். இருவருமே கம்பெனிக்குப் புதிது. ஓடிய ஓட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

கான்டிராக்டர்தான் என்று மச்சான் அடித்துச் சொன்னார். லாபம் அவருக்குத்தானே, ஒரு முத்திரை செய்துகொள்வது என்ன பிரம்மவித்தையா? தராசு சட்டையை மாட்டினார்.

கான்டிராக்டர் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சொன்ன எண்ணிக்கைக்குத்தான் காசு, வந்தவர் எத்தனை, வராதவர் எத்தனை என்று தான் பார்ப்பதில்லை என்றார். அந்தப் பதினான்கு தனக்கும் தலைவலிதானாம். இரண்டு மேசை, இரண்டு விரிப்பு, பரிமாற இரண்டு ஆள் எல்லாம் முழுசாகப் போக, உட்கார்வது மட்டும் ஏழேழு பேர் என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்?

கம்பெனியில் கணக்கர் தனியாக உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வருட சர்வீஸ், அடுத்த மாதம் ஓய்வு. கஞ்சத்தனத்தில் ஊரறிந்தவர், விரலில் பிடிபடாத பென்சில் துண்டைக்கூடக் காகிதம் சுற்றி எழுதுகிறவர். விருந்துக்கெல்லாம் தான் போவதே இல்லை, அன்றும் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டேன் என்றார். பில் எப்போதும் தன் மேசைக்குத்தான் வரும், இந்தத் தடவை மேனேஜர் நேரே வாங்கிக்கொண்டுவிட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டார். முத்திரை அவள் மேசைமேல் சும்மாதான் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாமாம்.

"அந்தப் பொண்ணு அப்படிச் செய்யற ஆள் இல்ல," என்றார். "அதுலயும் அஞ்சு தட்டு வீணாப் போச்சு, பாவம்."

தராசு தலையாட்டிவிட்டு, அவளையும் கான்டிராக்டரையும் அங்கேயே வரவழைக்கச் சொன்னார். மச்சான் வாசலுக்கு ஓடி ஓடிப் பார்த்தார். இருவரும் வந்ததும் தராசு அவளிடம் போன வருடப் பட்டியலை எடுக்கச் சொல்லி, அதில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். அவள் விரலால் எண்ணி, பதினான்கு என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"கமிஷனுக்கு ஆசப்பட்டிருந்தா இந்தப் பொண்ணு இருபதுன்னு எழுதியிருக்கும்," என்றார் தராசு. "ரெண்டு மேச எப்படியும் போட்டாகணும், அத நெரப்பத்தான் பாக்கும். இந்த கான்டிராக்டரும் அப்படித்தான். மேசக் கணக்குல யோசிக்கிறவங்க பதினாலுன்னு எழுத மாட்டாங்க. எழுதினவர் ஆளை எண்ணினவர். திருட்டுத்தனம் பண்றப்பகூட ஒரு தட்டு அதிகமாப் போகக்கூடாதுன்னு பாத்தவர்."

பிறகு கணக்கர் பக்கம் திரும்பினார். "எத்தன பேர் வரலன்னு பில்லுல இல்ல. இவங்க ரெண்டு பேரும் எண்ணல. அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போன உங்களுக்கு, அஞ்சு தட்டு வீணானது எப்படித் தெரியும்?"

கணக்கர் மறுக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, 'காலமானார்' என்று குறித்துத் தபாலில் திரும்பி வந்த ஐந்து உறைகளை எடுத்து வைத்தார்.

செலவுப் பட்டியலில் ஓய்வு பெற்றவர்களுக்கான அழைப்பு வரியை வெட்டியவர் அவர்தான். வெட்டிய பிறகுதான், அடுத்த வருடம் அந்த வரியில் தன் பெயரும் இருக்கும் என்று உறைத்தது. மேனேஜரிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை. மிஞ்சிய அழைப்பிதழ்களை எடுத்து, உறைமேல் தன் கையாலேயே விலாசம் எழுதி அந்தப் பதினான்கு பேருக்கும் அனுப்பிவிட்டு, கான்டிராக்டருக்கு முத்திரை குத்திய தாளையும் அனுப்பினார். பில் தன்னிடம்தானே வரும், யாருக்கும் தெரியாமல் அந்தப் பணத்தைத் தானே கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார். விருந்தன்று தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று எண்ணினார். ஒன்பது பேர்தான் உள்ளே போனார்கள்.

"இந்த அஞ்சு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க," என்றார். "ஒருத்தர் செத்ததுகூட எனக்கு யாரும் சொல்லல."

நீங்கள் ஏன் உள்ளே போகவில்லை என்று மச்சான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"முப்பத்தாறு வருஷமா எல்லார் பில்லயும் வெட்டினவன் நான். என் பக்கத்துல எவன் உக்காருவான்?"

அவள் கொதித்துப்போய் நின்றாள். தன் வேலை போயிருந்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று கேட்டாள். திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடத்தான் நினைத்ததாகவும், ஒவ்வொரு நாளும் போனை எடுத்து எடுத்து வைத்ததாகவும் கணக்கர் சொன்னார். இந்த முறை எடுத்து, மேனேஜரை அழைத்து, எல்லாம் தான் செய்தது, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண்மேல் தப்பில்லை என்று மூன்றே வாக்கியத்தில் சொன்னார். எதிர்முனையில் மேனேஜர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. போனை வைத்துவிட்டுக் கணக்கர், "நீ வேலைக்கு வரலாம்மா," என்றார் அவளிடம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

கிளம்ப எழுந்த கான்டிராக்டர் தயங்கி நின்றார்.

"கணக்கர்ங்கறது நீங்கதானா சார்?" என்று கேட்டார். "அந்தப் பெரியவங்க மேசைலேருந்து ஒரு காலி நாற்காலிய எடுக்கப் போனா, எடுக்க விடல. உறைமேல இருக்கற இந்தக் கையெழுத்து எங்களுக்குத் தெரியும், கணக்கர் வருவாருன்னு சொல்லிட்டே இருந்தாங்க."

கணக்கர் திறந்திருந்த இழுப்பறையை மூடினார்.

"எவ்வளவு நேரம் வச்சிருந்தாங்க?"

"தட்டெல்லாம் எடுத்து முடிக்கிற வரைக்கும் சார்."

கணக்கர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மச்சான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.