முகூரி அடித்த பெனால்டி

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எந்தாலே யார் யார் மீது கோபமாக இருந்தாள் என்று சொல்லிக்கொண்டே போனால் பொழுது போய்விடும். யார் மீது கோபமில்லை என்று சொல்வது சுலபம். அம்மா மீது மட்டும் இல்லை.

அம்மா வழக்கம்போல இருட்டோடு எழுந்து மாவு பிசைந்து, தெருமுனையில் அடுப்பு மூட்டி, உருண்டைகளைப் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துவிட்டாள். பக்கத்துச் சட்டியில் பீன்ஸ் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மற்ற நாள்களில் இந்நேரம் துவாலா நகரத்து நியூ பெல் தெருக்காரர்கள் தட்டும் கையுமாக முண்டியடிப்பார்கள். இன்று ஈ காக்கை இல்லை. எல்லாரும் எதிர்ப்பக்கமாக, தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் சாலி மாமா மட்டும் வண்டியை நிறுத்தினார். வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா கரண்டியை எடுத்தாள்.

"வேணாம் தாயி," என்றார் அவர், தெருவுக்கே கேட்கும்படி. "இதத் தின்னுதான் உன் மவனுக்குக் காலு கோணிப்போச்சு. எங்களுக்கும் கோணிட்டா யாரு வண்டி ஓட்டறது?"

"உங்க வண்டி இப்பவே கோணலாத்தான் ஓடுது மாமா," என்றாள் எந்தாலே.

அம்மா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பெரியவர்களிடம் இப்படிப் பேசக் கூடாதாம். பெரியவர்கள் மட்டும் என்ன வேண்டுமானாலும் பேசலாமாம். எந்தாலேவின் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை தலைநகர் யாவுண்டேயில் கால்பந்து ஆட்டம். ஜெயித்தால் கேமரூன் உலகக் கோப்பைக்குப் போகும். கடைசி நிமிடத்தில் கேமரூனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. முகூரி அடித்தான். கோல் விழவில்லை. உலகக் கோப்பை போயே போய்விட்டது. அந்த முகூரி எந்தாலேவின் அண்ணன்.

முகூரி நடுக்கள ஆட்டக்காரன். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதும், கோல் போடுகிறவன் காலில் அதைக் கொண்டுபோய் வைப்பதும்தான் அவன் வேலை. கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. விருந்தை எல்லாரும் புகழ்வார்கள், சமையல்கட்டை எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

இதே தெருவின் விடுமுறைப் போட்டிகளில் பிளாஸ்டிக் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கியவன் அவன். பிறகு துவாலாவின் ஒரு சின்னக் கிளப். பிறகு விமானம் ஏறி, பனி கொட்டுகிற ஊரில் இரண்டாம் பிரிவு அணி. முதல் குளிர்காலத்தில் தன் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியாமல் ஆடினானாம். அங்கிருந்து படிப்படியாக முதல் பிரிவு. கடைசியில் நாட்டின் பச்சை ஜெர்சி.

இத்தனை வருஷத்தில் அவன் பறித்த பந்துகளில் ஒன்றுகூட இந்தத் தெருவுக்கு ஞாபகமில்லை. ஒரே ஒரு பெனால்டி மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. 

ஆனால் அண்ணன் மீதும் அவளுக்குக் கோபம்தான். அவன் ஏன் அதைப் போய் அடித்தான்? அதுவும் ஏன் வானத்தைப் பார்த்து அடித்தான்?

முகூரி நேற்று ராத்திரி தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். வந்தவன் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். அம்மா வைத்த மீனும் வாழைக்காயும் அப்படியே ஆறிக் கிடந்தன. நாளைக்குக் கிளப்புக்குத் திரும்ப விமானம். அதற்கு முன்னால், இன்று சாயங்காலம், தேசிய அணியின் கோச்சுக்குப் போன் செய்யப் போவதாக அம்மாவிடம் சொன்னான். இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம், பச்சை ஜெர்சியை இனி தொடப்போவதில்லை என்று சொல்லிவிடுவானாம்.

அம்மா அடுப்புப் பக்கம் போய், இடுப்புத் துணியின் நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகையாம். அடுப்பில் அப்போது நெருப்பே இல்லை.

பள்ளிக்கூடத்தில் வேறொரு கூத்து. கூடப் படிக்கும் பியோங் ஒரு புது விளையாட்டு கண்டுபிடித்திருந்தான். பெயர் முகூரி ஆட்டம். ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வரவேண்டும். பந்தை மதில்சுவருக்கு மேலே உதைக்க வேண்டும். பிறகு தலையில் கைவைத்து, அம்மா அம்மா என்று அழுது புரள வேண்டும். யார் நன்றாகப் புரள்கிறானோ அவன் ஜெயித்தான். வரிசையில் நின்று புரண்டார்கள்.

எந்தாலே பேசவெல்லாம் இல்லை. நேரே போய் பியோங் மேல் விழுந்தாள். அவளுக்கு இரண்டு பொத்தான் போனது. அவனுக்குக் கன்னத்தில் கீறல். டீச்சர் இருவரையும் வெயிலில் முட்டி போட வைத்தார்.

முட்டி போட்டுக்கொண்டே சண்டை தொடர்ந்தது. "உங்கண்ணன் அப்படித்தானே அடிச்சான்? எங்கப்பாவே சொன்னாரு," என்றான் பியோங். எந்தாலே பல்லைக் கடித்தாள். அவளும் அப்படித்தானே கேள்விப்பட்டிருந்தாள்?

வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையை வீசிவிட்டு உள்ளறைக்குள் நுழைந்தாள்.

"ஏண்ணே வானத்துக்கு அடிச்சே? ஒன்னால நான் முட்டி போட்டேன், தெரியுமா?"

முகூரி திரும்பவில்லை. "வானத்துக்குன்னு யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"நீ பாத்தியா?"

எந்தாலே யோசித்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே டோங்மோ மாமாவின் மதுக்கடை வாசலில் டிவி முன்னால் கூடியிருந்தது. அவள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடுவர் பெனால்டி என்று கை காட்டினார். பெஞ்சுகள் மேல் ஏறி நின்று எல்லாரும் கத்தினார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. டோங்மோ மாமா டிவியை நாலு தட்டு தட்டினார். யாரோ ஜெபம் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், கரண்டு இருந்த வீடுகளிலிருந்து, பெரிய முனகல் ஒன்று எழுந்து வந்தது. நியூ பெல்லுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன கரண்டு இன்னும் வரவில்லை.

"நான் பாக்கல," என்றாள் மெல்ல. பிறகு, "எப்படித்தான் அடிச்சே?" என்று கேட்டாள்.

முகூரி புரண்டு படுத்து அவளைப் பார்த்தான். இரண்டு நாளாக எல்லாரும் அவனைத் திட்டியிருந்தார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

"இடது மூலைக்கு. தரையோட. நல்லாத்தான் அடிச்சேன்," என்றான். "ஆனா அந்தக் கோல்கீப்பர் அதவிட நல்லாப் பாஞ்சான்."

"நீ பெனால்டி அடிக்கிற ஆளே இல்லியேண்ணே."

"வழக்கமா அடிக்கிறவன் தொடை பிடிச்சுக்கிச்சுன்னு உக்காந்துட்டான். அடுத்தவன் குனிஞ்சு ஷூ கயித்தக் கட்ட ஆரம்பிச்சான், நிமிரவே இல்ல. பந்து தனியாக் கெடந்துச்சு. யாராச்சும் எடுக்கணுமில்ல?"

"இத வெளிய வந்து சொல்லேன்."

"சொன்னா சாக்கு சொல்றான்னுவாங்க. போ, போய்ச் சாப்பிடு." மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எந்தாலே சாப்பிடப் போகவில்லை. காலையிலிருந்து எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்த கோபம் இப்போது ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தது. விறுவிறுவென்று டோங்மோ மாமாவின் கடைக்கு நடந்தாள்.

அங்கே அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. டோங்மோ மாமா, சாலி மாமா, பியோங்கின் முடிவெட்டும் அப்பா, இன்னும் நாலைந்து பேர்.

எந்தாலே மிகவும் மரியாதையாகக் கேட்டாள். "டோங்மோ மாமா, எங்கண்ணன் அந்தப் பெனால்டிய எப்படி அடிச்சான்?"

டோங்மோ மாமா எழுந்தே காட்டினார். "இப்படி, நுனிக்காலால. கொழந்தையத் தூக்கிக் கொஞ்சற மாதிரி மெதுவா ஒரு தட்டு. திமிரு பாப்பா, திமிரு. கோல்கீப்பர் நின்ன எடத்துலயே புடிச்சிட்டான்."

"என்னய்யா சொல்றே?" என்றார் சாலி மாமா. "மெதுவாவா? அடிச்ச அடியில பந்து மேல போனது போனதுதான். இன்னும் கீழ வரல."

"ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார் பியோங்கின் அப்பா. "வழுக்கி விட்டுச்சு. பந்து வலப்பக்கம் வெளிய போச்சு."

"மேலன்னு நீயே நேத்து உன் மவன்கிட்ட சொன்னியே?" என்றார் சாலி மாமா.

"மேலயும் போச்சு, வலப்பக்கமும் போச்சு."

மூன்று பேரும் எழுந்து நின்று ஒருவரையொருவர் விரல் நீட்டித் திட்ட ஆரம்பித்தார்கள். எந்தாலே நடுவில் போகவில்லை. நன்றாக முற்றட்டும் என்று காத்திருந்தாள். அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள்.

"எங்க உக்காந்து பாத்தீங்க?"

"இங்கதான். வேற எங்க?"

"எந்த டிவில?"

"இதோ இதுலதான்," என்று டோங்மோ மாமா கை காட்டினார்.

"எரியாத டிவிலயா?"

எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து கறுப்பாகவே இருந்தது. ஒருவர் தொண்டையைச் செருமினார். டோங்மோ மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத மேசையைத் துடைத்தார்.

"நானும் பாக்கல," என்றாள் எந்தாலே. அழுகை வந்துவிடும்போல இருந்ததில் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "பாக்காமயே எங்கண்ணன்கிட்ட கத்திட்டு வந்தேன். நீங்க பாக்காமயே எங்கம்மாவ அழ வச்சீங்க."

சாலி மாமா மட்டும் விடவில்லை. "கோல் விழலல்ல? அது நெசந்தானே?"

"நெசந்தான். அதுக்கு வருத்தப்படுங்க, நானும் படறேன். ஆனா அங்க பதினோரு பேரு இருந்தாங்க. பந்தத் தொட பயப்படாம வந்தது ஒருத்தன்தான். எப்படி அடிச்சேன்னு அவன ஒரு வார்த்தை கேட்டீங்களா? இன்னிக்கு அவன் பச்சை ஜெர்சிய வேணாம்னு சொல்லப் போறான். வந்து கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் திட்டணும்னா திட்டுங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

டோங்மோ மாமா எந்தாலேவின் வீட்டு வாசலில் நின்று, கடன் கேட்க வந்தவரைப்போல இருமினார். "தம்பி முகூரி. அந்தப் பெனால்டி... எப்படிப்பா அடிச்சே?"

எந்தாலே கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். பிறகு கதவு திறந்தது. முகூரி அரைக்கால் சட்டையோடு, தாடி மண்டிய முகத்தோடு நின்றான். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. மைதானத்துக்கு வாங்க."

தான் ஒரு காலத்தில் துவாலாவையே கலக்கிய கோல்கீப்பர் என்று சாலி மாமா அடிக்கடி சொல்வார். சட்டையைக் கழற்றிவிட்டு அவரே மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார். அதற்குள் தெருவில் பாதி கூடிவிட்டது. பியோங் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"மாமா, எனக்கு இடது பக்கம், மூலைக்கு, தரையோட வரும்," என்றான் முகூரி. "முன்னாடியே சொல்லிட்டேன். பாஞ்சிடுங்க."

அடித்தான். சாலி மாமா பாய்ந்தார். அவர் தரையைத் தொடுமுன் பந்து அவரைத் தாண்டிப் போயிருந்தது. வாயெல்லாம் புழுதி. துப்பிவிட்டு எழுந்து, கால் வழுக்கிவிட்டது, இன்னொன்று அடி என்றார். முகூரி அதே இடத்துக்கு அடித்தான். இந்தத் தடவை அவன் உதைக்குமுன்பே அவர் பாய்ந்தார். அப்படியும் விரல்கூடப் படவில்லை.

டோங்மோ மாமா பந்து போன மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதயா அவன் புடிச்சான்?"

"விரல் நுனியால," என்றான் முகூரி.

"அவன் மனுசனே இல்லய்யா."

அவ்வளவுதான். தெரு முழுக்க அந்த வெளிநாட்டுக் கோல்கீப்பரைப் பிடித்துக்கொண்டது. அவன் கை, அவன் கால், அவன் ஏழு தலைமுறை, ஒன்றையும் விடவில்லை. நியூ பெல்லுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும். அவன் தூரத்தில் இருக்கிறான், அவனுக்குக் காது கேட்காது, திட்டிக்கொள்ளட்டும் என்று எந்தாலே விட்டுவிட்டாள்.

சாலி மாமா முட்டியைத் தேய்த்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றார். நாளைக்கு அம்மா கடை போடுவாளா என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"போடுவாங்க," என்றாள் எந்தாலே. "உங்களுக்கு மட்டும் உருண்டை கம்மியாத்தான் வரும்."

"சரி தாயி," என்றார் அவர்.

சாயங்காலம் முகூரி டெலிபோன் பூத்துக்குக் கிளம்பினான். எந்தாலேவும் ஒட்டிக்கொண்டு போனாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கதவைச் சாத்தியபோது அவள் காலை நடுவில் வைத்துக்கொண்டாள்.

"கோச், நான் முகூரி பேசறேன்." அந்தப் பக்கம் நெடுநேரம் ஏதோ பேசியது. ஆறுதல் சொன்னதோ என்னவோ. முகூரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"அதுக்கில்ல கோச். அடுத்த தடவ பெனால்டி கெடச்சா நான்தான் அடிப்பேன். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி.

முகூரி எந்தாலேவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"எங்க அடிப்பேன்னா கேக்கறீங்க? அதே இடது மூலைக்குத்தான்."