நொண்டிப் புலி

மதியம் மூன்று மணிக்கு மேல் அறைக்குள் அந்த நாற்றம் வந்தது. நனைந்த சாக்கை வெயிலில் போட்டதுபோல முதலில் ஒரு புழுங்கிய வாடை. அதற்கு அடியில், நாள்பட்ட இறைச்சியின் குமட்டும் இனிப்பு. கட்டிலில் மல்லாந்து கிடந்த எழுத்தாளர் இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. சமையலறையைத் தாண்டிப் பின்கதவுக்குப் போகும் இடைவழியிலிருந்து வந்தது.

மருமகளுக்கும் அது எட்டியிருக்க வேண்டும். மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து வந்து போர்வையை லேசாகத் தூக்கினாள்.

"மாமா, நனைச்சுட்டீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"சரி," என்றது வாய்.

நான்கு மாதத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் வலக்கையையும் வலக்காலையும் உணர்ச்சியில்லாமல் அடித்துப் போட்டுவிட்டு, பேச்சில் இந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்திருந்தது. பசித்தால் சரி. வலித்தால் சரி. வேண்டாம் என்பதற்கும் சரி. உள்ளே முழு வாக்கியங்கள் பழையபடியே ஓடின. தொண்டையைத் தாண்டும்போதுதான் எல்லாம் அந்த ஒன்றாகச் சுருங்கின.

"காய்ஞ்சுதானே இருக்கு? எதுக்கும் மாத்திடுவோம்." அவரை ஒருக்களித்துப் புரட்டி, பழைய விரிப்பை உருவி, புதியதை விரித்தாள். பழையதைச் சுருட்டி மூலையில் போட்டாள். "எங்கயோ எலி செத்துக் கிடக்கு. உங்க பிள்ளை எட்டு மணிக்கு வரட்டும், அலமாரியை நகர்த்திப் பாக்கச் சொல்றேன்."

பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் எழுதியதையே அவருக்குப் படித்துக் காட்டினால் சொற்கள் திரும்பலாம் என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொல்லியிருந்தார். தினமும் அரை மணி நேரம். ஒரு நாளும் அவள் தவறியதில்லை.

நாற்பத்தொரு நாவல்கள் எழுதியவர் அவர். அத்தனையும் புலிவேட்டை. காட்டுக்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. புலியைப் பார்த்ததே ஒரே ஒரு முறைதான், அதுவும் கம்பிக்குப் பின்னால், குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்ததை. மற்றதெல்லாம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கற்பனையாக அளந்துவிட்டது.

இந்த நாவலில் வருவது முன்னங்காலில் குண்டு பட்டு நொண்டியான புலி. ஓடுகிற மானைப் பிடிக்க முடியாமல், நடக்கிற மனிதர்களைத் தின்னப் பழகியது. அதன் நடையை எப்படி எழுதுவது என்று மேசைமேல் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தது அவருக்கு இன்னும் நினைவிருந்தது. மெத்தென்று மூன்று அடி. பிறகு தரையில் நகம் இழுபடும் ஒரு கீறல்.

"மெத், மெத், மெத், சர்ர்ர்," என்று மருமகள் குரலைத் தாழ்த்திப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். "என்ன மாமா, உங்க புலி தேய்ஞ்ச செருப்பு போட்டுட்டு கடைக்குப் போற மாதிரி இருக்கு!"

பக்கத்தைப் புரட்ட விரலை நனைத்தாள். அந்த ஒரு நொடி அமைதியில் அவருக்கு அது கேட்டது.

இடைவழியில், சிமெண்ட் தரைமேல். மெத். மெத். மெத். பிறகு கீறல்.

நின்றது.

அவள் தொடர்ந்து படித்தாள். அவர் காதுகளைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். அவள் ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் அது நான்கு அடி வைத்தது. அவள் தொடங்கியதும் நின்றது. அவளுடைய குரலுக்குள் ஒளிந்துகொண்டு நடக்கத் தெரிந்திருந்தது அதற்கு. சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம் லேசாக நகர்ந்தது. வாடை இப்போது நாக்கிலேயே கசந்தது.

"சரி!" என்றார். "சரி! சரி!"

மருமகளின் முகம் மலர்ந்துவிட்டது. "அட! பிடிச்சிருக்கா? இன்னிக்குக் குரல் எவ்வளவு கணீர்னு வருது! உங்க பிள்ளைகிட்டச் சொன்னா நம்பவே மாட்டார்."

அவர் இடக்கையைத் தூக்கி இடைவழியைக் காட்டினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மூலையில் சுருட்டிப் போட்ட விரிப்புதான் அவள் கண்ணில் பட்டது.

"ஓ, அதுவா? நாத்தம் தாங்கலையா? அதை ஊற வெச்சுட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன். சரியா மாமா?"

போகாதே அம்மா. கதவைச் சாத்து. போகாதே. இது மட்டும் வந்துவிடட்டும், இனி ஒரு சொல்லும் கேட்க மாட்டேன் என்று வாழ்நாளில் முதல் முறையாக மனமுருகி வேண்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க வாயைக் கோணி இழுத்து, உதட்டைக் குவித்து, நாக்கை மேலே தள்ளி...

"சரி."

அவள் எழுந்தாள். இடக்கையால் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். இருந்த பலத்தையெல்லாம் விரல்களில் வைத்து இறுக்கினார். அவள் கோபப்படவில்லை. குழந்தையிடம் சாவியை வாங்குவதுபோல ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"எங்கயும் ஓடிட மாட்டேன். இங்கதானே இருக்கேன்?"

விரிப்பை அள்ளிக்கொண்டு இடைவழிக்குள் போனாள். செருப்புச் சத்தம் சமையலறையைத் தாண்டியது. குழாய் திறந்தது. வாளியின் அடியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

முணுமுணுப்பு பாதியில் நின்றது.

அலறல் இல்லை. அதைத்தான் அவர் எதிர்பார்த்துக் கிடந்தார். அவருடைய நாவல்களில் எல்லோரும் அலறுவார்கள். இங்கே கனமான ஏதோ ஒன்று சுவரில் சாய்ந்த சத்தம் மட்டும். பிறகு தண்ணீர்.

வாளி நிரம்பியது. வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"சரி?" என்று கூப்பிட்டார். "சரி? சரி?"

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜன்னலில் வெயில் இருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியை நிறுத்திவிட்டுச் சத்தமாகப் பேசினார்கள், சிரித்தார்கள். கைப்பேசி நாற்காலிமேல் ஒளிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

மெத்.

மெத்.

மெத்.

கீறல்.

கண்களை மூடிக்கொண்டார். கட்டிலின் வலப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. சட்டங்கள் முனகின. சூடான மூச்சு கன்னத்தில் பட்டது, விலகியது. பிறகு ஒரு சத்தம். சரசரவென்று, சீராக, அவசரமே இல்லாமல். உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பதுபோல.

உடம்பில் எங்கும் வலி இல்லை. ஒன்றுமே தெரியவில்லை. அதனால்தான் கண்ணைத் திறந்து பார்த்தார்.

அது அவர் பக்கத்தில் நீளமாகப் படுத்திருந்தது. மோவாய் முழுக்க ஈரம். கண்கள் பாதி மூடியிருந்தன. நொண்டிக் காலை அவருடைய முழங்கைமேல் அழுத்திப் போட்டுக்கொண்டு, மரத்துப்போன வலக்கையை அது நக்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு நாவல்களில் ஒன்றில்கூட அவர் புலியின் நாக்கைப் பற்றி எழுதியதில்லை. ஒவ்வொரு முறை நக்கும்போதும் தோல் ஒரு பட்டையாக உரிந்து வந்தது. நடுவிரலில் அதற்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அது நிறுத்தி, அவர் முகத்தை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த விரலுக்குப் போனது.