இரண்டு விநாடி மிச்சம்

"டக்."

ஸ்பீக்கரில் விழுந்த அந்த அடியில் ஜாக்குலின் கையிலிருந்த டீ தளும்பி சுடிதாரில் கொட்டியது.

2003 நவம்பர் மழை. பிற்பகல் மூன்று மணி. முட்டுக்காட்டுக் கழிமுகத்தைப் பார்த்த அந்த வாடகை வீட்டு ஆபீசில் அவள் மட்டும்தான் இருந்தாள். மாமல்லபுரம் வரும் பயணிகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் வழிகாட்டிப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதுகிறாள். நாளை காலை பெட்டி போயாக வேண்டும். பேச்சோ திக்கித் திக்கி வந்தது. திக்கும் இடமெல்லாம் ஒரு டக்.

இதில் மர்மம் இல்லை என்றுதான் நினைத்தாள். ஒலியை இரண்டு பஃபர்களில், அதாவது தற்காலிக நினைவிடங்களில், மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும். ஒரு குடம் காலியாவதற்குள் அடுத்த குடத்தை நிறைத்து வைப்பது போல. தாமதமானால் அடியில் கிடக்கும் பழைய மிச்சம் ஒலிக்கும். கழுவாமல் விட்ட குடம். இந்த வேலையைத் தொடங்கிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் துபாய் போய்விட்ட ஆபிரகாமின் சோம்பேறித்தனம். சோதனைக்கு ஓடும் குரலும் அவன் பேசிப் பதிந்ததுதான்.

பஃபர் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பினாள். இனி தாமதமானாலும் மௌனம்தான் வர வேண்டும்.

"இது கடற்கரைக்..." டக்.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையே பிடுங்கி, ஜன்னல் வழியே வந்த ஈர மண் வாசனையோடு அறையில் எப்போதும் தங்கியிருந்த பினாயில் நெடியும் மூக்கில் ஏற, நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி போட்டாள்.

டக்.

பஃபரைப் பெரிதாக்கினால் திக்கல் போகும். அரை விநாடிக்கு நீட்டினாள். திக்கல் போகவில்லை, மிச்சம்தான் நீண்டது. இப்போது அது ஈரமான எதன்மீதோ இரும்பு இறங்கும் ஓசை. அதற்குப் பின்னால் ஒரு மூச்சு.

போன் அடித்தது. முதலாளி ராஜாராம்.

"இன்னா ஜாக்குலின், முடிச்சிட்டியா? ஆபிரகாம் மாரி பாதில வுட்டுட்டு ஓடிடாத."

"ஓட்றதுக்கு எனக்கு பாஸ்போர்ட்டே இல்ல சார். ஒரு சத்தம் வருது, கேளுங்க."

எந்தப் பிழை வந்தாலும் உடனே போனில் போட்டுக் காட்ட வேண்டும். அது அவர் வைத்த சட்டம். ரிசீவரை ஸ்பீக்கரருகே பிடித்தாள். எதிர்முனையில் கார் வைப்பர் ஓடும் ஓசை கேட்டது.

"அங்கியே இரு. கோவளம் தாண்டிட்டேன். வந்துகினே கீறேன்."

அவர் வருவதற்குள் பிழையைப் பிடித்துவிட நினைத்து, பஃபரை இரண்டு விநாடியாக்கினாள்.

"சார், வேணா சார், வுட்ருங்க..." டக். டக். எலும்பு நொறுங்கியது. டக். கடற்கரைக் கோயில் என்று சொல்ல வந்த அதே ஆபிரகாமின் குரல், வாயில் எதுவோ நிறைந்து கொப்பளித்தது. அதன் மேல், பதற்றமே இல்லாமல், இன்னொரு குரல்.

"தலய ஆட்டாதடா."

ராஜாராம்.

பினாயில். துபாய். அவள் எழுந்தாள். புரோகிராமை நிறுத்தினாள். ஸ்பீக்கர் நிற்கவில்லை.

அதில் இப்போது மழை. இதே மழை.

கார் கதவு சாத்தும் ஓசை. தாழ்ப்பாள். ஒரு பெண்ணின் அலறல், பாதியில் டக்கென்று அறுந்தது. மீண்டும் டக். மீண்டும்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

அவளுடையது.

பையை விட்டாள். செருப்பை விட்டாள். கதவை நோக்கி ஓடினாள்.

வெளியே கார் கதவு சாத்தப்பட்டது.

படியில் ஈரக் காலடிகள். ராஜாராம் உள்ளே வந்தார். திரும்பிப் பாராமலே பின்னால் கையை நீட்டித் தாழ்ப்பாளைப் போட்டார். மற்றொரு கையில் வீல் ஸ்பானர். அதன் நுனியிலிருந்து மழைநீர் தரையில் சொட்டியது. ஸ்பீக்கரில் அவள் அலறிக்கொண்டிருந்தாள். அதைச் சற்று நேரம் நின்று கேட்டார்.

"ஆபிரகாமும் இப்டித்தாம்மா, தனக்கு முந்தி இங்க இருந்தவன் கத்துனத எனக்கு போன்ல போட்டுக் காட்னான்."